மடுவுக்குப் போற கூடாரம்

இஞ்சாருங்கோ,

கடலால வந்து முத்தத்தில கூடாரத்தைக் காணேல்லை எண்டு பதறாதேங்கோ. நான்தான் முள்ளியவளைக்குக் கொண்டு போறன். அங்க லொறிக்கு மேல மூடுற படங்கு தைக்கிற கடையில, பழுதான துண்டை வெட்டிப்போட்டுப் புதுத் துணி வைச்சுத் தைப்பினமாம்.

மடு மாதா கோயில் திருவிழாவுக்குப் போய்த் தங்க முதல் கூடாரத்தின்ர ஒழுக்கை அடையுங்கோ எண்டுதான் கேட்டனான். படகுக்குப் பூசிற ரெசினைக் கன்வஸுக்குப் பூசச் சொல்லி ஆர் சொன்னது? ஒரு பக்கம் முழுக்கப் பலகை மாதிரி விறைச்சுப் போச்சு. காலமை மடிக்க, மடிச்ச இடமெல்லாம் வெடிச்சிட்டுது. முந்தி ஒரு ஓட்டைதான் இருந்தது.

"ஒழுகினா நீ வராதை, வீட்டில நில்" எண்டு நேற்று நீங்கள் சொன்ன கதை இன்னும் காதுக்குள்ள கிடக்குது. நான் வருவன்.

சோறும் நண்டுக் குழம்பும் குசினியில மூடி வைச்சிருக்கு. மகள் டிலுசாவை ரியூசனால கூட்டிக்கொண்டு வாங்கோ.

எமில்டா

மற்றது, போன வருசம் மடுவில மழை பெய்யேக்க, எங்கள் ரெண்டு பேரையும் காய்ஞ்ச பக்கம் விட்டிட்டு ஒழுகின பக்கம் நீங்கள் படுத்தது எனக்குத் தெரியும். நான் நித்திரை கொள்ளேல்லை. இந்த முறை நீங்கள் நடுவில படுக்கோணும்.