சாமி டிரம்

1998 ஜனவரி 12
போன வருஷம் காட்டுத்தீப் புகைமூட்டம். இந்த வருஷம் மழையே இல்லை. கடல் சூடாகிவிட்டதுதான் காரணம் என்று பேப்பரில் போட்டிருக்கிறான். எங்கள் பாலிக் புலாவ் ஊரில் மலையோடை நூலாக இறங்குகிறது. மேலே பாறைக்குழியில் எங்கள் வீட்டு ரப்பர் குழாயும் கீழ்வீட்டு சுலைமானின் குழாயும் ஒட்டிக் கிடக்கின்றன. இன்றும் துணி துவைக்கவில்லை.

ஜனவரி 15
குழாயில் சொட்டு இல்லை. என் வீட்டுக்காரர் மலையேறிப் பார்த்துவிட்டு வந்தார்.
"அறுத்துட்டான். சுலைமான் வேலைதான்."
கண்ணால் பார்த்தீர்களா என்றேன். கத்தியோடு மறுபடி ஏறினார். அவர்கள் குழாயை வெட்டிவிட்டு வந்து தேநீர் கேட்டார். நோன்பு மாசத்தில் ஒரு வீட்டுத் தண்ணீரை நிறுத்திய மனுஷனுக்குத் தேநீர். போட்டுக் கொடுத்தேனே, என்னைச் சொல்லணும்.

ஜனவரி 16
சுலைமான் மனைவி சலேஹா ரோட்டில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். என் இரண்டு பிரசவத்துக்கும் துணை இருந்தவள்.

ஜனவரி 17
சுலைமான் பாராங் கத்தியோடு பாறைக்குழியில் காவல் இருக்கிறாராம். இவரும் கத்தியை எடுத்தார். வாசலை மறித்தேன்.
"விடு லா. பொம்பளைக்கு இதுல என்ன?"
"வீட்டுக்குத் தண்ணி தூக்குறது யாரு? நான் போறேன்."
பின்கட்டில் கவிழ்த்திருந்த நீல டிரம்மை நிமிர்த்தினேன். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக் கோயிலில் பந்தல் போட்டு மோர் ஊற்றுகிற டிரம். வேறெதற்கும் தொடமாட்டோம்.
"அது சாமி டிரம்."
"தாகத்துக்கு வெச்சதுதானே. தாகம் இங்க இருக்கு."
தனியாகத் தூக்க முடியாது. சலேஹா வாசலில் போய் நின்றேன். கூடவே வந்து மறுபக்கம் பிடித்தாள்.
எங்களைப் பார்த்ததும் சுலைமான் எழுந்தார். மலாயில் சொன்னேன்: இனி ஒரே குழாய், இந்த டிரம்முக்கு. காலையில் எங்கள் முறை, நோன்பு திறக்குமுன் உங்கள் முறை.
"உன் புருஷன் ஒத்துக்கொண்டாரா?"
"நான் கேட்கவில்லை."
சலேஹா சிரித்துவிட்டாள். நான் வீட்டுக்கு வந்துதான் அழுதேன்.

ஜனவரி 24
சுலைமான் முறை தவறுவாரோ என்று இவருக்குச் சந்தேகம், தண்ணீர் எடுக்கக் கூடவே வந்தார். டிரம்மைச் சுற்றிக் குரங்குகள். ஒன்று குழாயைக் கடித்துக் கசிகிற தண்ணீரை நக்கிக்கொண்டிருந்தது. எப்போதும் தோட்டத்துப் பழத்துக்கு வருபவை, இப்போது தண்ணீருக்கு.
இவர் எங்கள் பழைய குழாயின் முனையைத் தேடி எடுத்தார். கத்தி வெட்டு இல்லை, பல் தடம். அப்படியே பாறையில் உட்கார்ந்துவிட்டார்.
"அவன் குழாய்ல இருக்கிறது என் கத்தி வெட்டு."
ஆமாம் என்றேன். ஆறுதல் சொல்ல மனசு வரவில்லை.

ஜனவரி 30
ஹரி ராயா, நோன்புப் பெருநாள். இவர் அரை வாளியில் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, புதுக் குழாய்ச் சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு கீழ்வீட்டுக்குத் தனியாகப் போனார். எல்லாவற்றையும் சொன்னாராம். பிறகு இருவரும் குழாயை ஆளுக்கொரு முனை பிடித்து மலையேறியதை நானே பார்த்தேன்.

பிப்ரவரி 5
மழை இன்னும் இல்லை. பூசம் நெருங்குகிறது. பந்தலுக்கு டிரம்மை இறக்கணுமா என்று கேட்டேன்.
"அங்கேயே இருக்கட்டும் லா," என்றார். "இந்த வருஷம் பந்தல் அதுதான்."