இரண்டாவது பட்டன்

மார்ச் 3

எங்கள் ஊமைக்கோட்டானுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியம்தானே? புத்தகம் வந்து சேர்ந்தது. தபால்காரர் கையெழுத்து வாங்குவதற்குள் உறையைக் கிழித்து, அட்டையில் உன் பெயரைக் காட்டி, "என் பொண்ணு எழுதினது" என்றேன். "சரிங்க, இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க" என்றார். ரசனை கெட்ட மனுஷன்.

சின்ன வயதில் நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசாத பிள்ளை முந்நூறு பக்கம் எழுதியிருக்கிறாய். எனக்குத் தலைகால் புரியவில்லை. முப்பது வருஷம் ரயில் நிலையத்தில் மைக் முன்னால் உட்கார்ந்து அறிவிப்புச் செய்தவன் நான். ஊர் முழுக்க என் குரல் தெரியும், முகம் தெரியாது. இப்போது முகமும் தெரிந்துவிட்டது. முடிவெட்டும் கடை, மருந்துக்கடை, எங்கே போனாலும் புத்தகம் என் அக்குளில். நூலகத்துக்கும் ஒரு பிரதி கொடுத்தேன். "என்ன வகை நாவல் சார்?" என்று நூலகர் அம்மா கேட்டார். "சமூக நாவல்" என்றேன். அந்த அலமாரியிலேயே வைத்திருக்கிறார்.

அம்மாவுக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது. ஆனால் இரண்டு மாதத்துக்கு எழுத்துப் பக்கமே பார்வை போகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். "என் பொண்ணு புத்தகம் வந்திருக்கு, நான் கண்ண மூடிக்கிட்டு உக்காந்திருக்கணுமா?" என்று ஒரே ரகளை. அதனால் தினமும் மதியம் நான்தான் வாசித்துக் காட்டினேன். நேற்று முடித்தோம். உன் கதாநாயகியின் சலவைக்கடையை நீ எழுதியிருக்கும் விதம் பிரமாதம். இஸ்திரிப் பெட்டியின் சூடு என் கையில் தெரிந்தது.

அம்மாதான் ஒரு மாதிரி சொன்னாள். மனதில் வைத்துக்கொள்ளாதே. "காதல் கதைன்னு அவ சொன்னா, இதுல காதலே காணோமே" என்றாள். மருந்தின் அசதி இன்னும் போகவில்லை என்று நினைக்கிறேன்.

அன்புடன்,
அப்பா


மார்ச் 11

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் சுகம். ஆபீசில் எங்கள் கணக்குப் பிரிவே ஒரு நிலையில் இல்லை. பக்கத்து மேஜைக்காரி பழைய காலண்டர் தாளில் அட்டை போட்டு, மேஜைக்கு அடியில் வைத்துப் படிக்கிறாள். எங்கள் மேலாளர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. அவர் என்னை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். வேலை போச்சு என்று நினைத்தேன். "அந்தச் சலவைக்கடைப் பொண்ண அவ்வளவு அழ வச்சிருக்க வேணாம்மா" என்றார். உங்கள் மாப்பிள்ளை புதுச் சட்டை போடும்போதெல்லாம் கண்ணாடி முன்னால் நின்று, "கதாநாயகன் நான்தானே?" என்று கேட்கிறார். வீட்டில் நிம்மதி வேண்டுமே, ஆமாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

பதிப்பகத்தில் இரண்டாவது நாவல் கேட்டிருக்கிறார்கள். மூன்று அத்தியாயம் எழுதியிருந்தேன். அம்மா சொன்னதைப் படித்த அன்றே பேனாவை மூடிவிட்டேன். ஊரே மெச்சினாலும், அம்மாவுக்குக் காதல் தெரியவில்லை என்றால் நான் எழுதியது என்ன?

மனசு கேட்காமல் நேற்று போன் பண்ணினேன். நீங்கள் குளிக்கப் போயிருந்தீர்கள். "அந்தப் பட்டன் இடம் கூடவா பிடிக்கல?" என்று அம்மாவைக் கேட்டேன். "எந்தப் பட்டன்?" என்றாள்.

அப்பா! எனக்கு வரும் வாசகர் கடிதங்களில் முக்கால்வாசி அந்தப் பட்டனைப் பற்றித்தான். மழைக்கு ஒதுங்கி அவன் கடைக்குள் வருகிறான். சட்டையின் இரண்டாவது பட்டன் அறுந்து தொங்குகிறது. கழற்ற வேண்டாம் என்று, அவன் போட்டிருக்கும்போதே அவள் தைத்துக் கொடுக்கிறாள். புத்தகத்தின் உயிரே அங்கேதான் இருக்கிறது. அம்மா கேள்விப்படவே இல்லை என்கிறாள்.

பட்டன் வரும் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தை விட்டுவிட்டு நேராக எங்கே தாவினீர்கள்?

பதில் உடனே வேண்டும். போனில் வேண்டாம், ஸ்பீக்கரில் போட்டுவிடுவீர்கள். அப்புறம், அதென்ன சமூக நாவல்?

உங்கள்
ஊமைக்கோட்டான்


மார்ச் 17

அன்பு மகளுக்கு,

பிடித்துவிட்டாய். ஆமாம், தாவினேன். அங்கே மட்டும் இல்லை, இன்னும் நாலைந்து இடங்களிலும். விரைவு வண்டி எல்லா நிலையத்திலும் நிற்குமா?

என் நிலைமையையும் யோசித்துப் பார். மதியப் புழுக்கத்தில் ஜன்னல் திறந்துதான் இருக்கும். நான் வாசிக்க ஆரம்பித்தால் போதும், பக்கத்து வீட்டு பாங்கிக்காரர் நாற்காலியைச் சுவரோரம் இழுத்துப் போட்டுக்கொள்கிறார். 'அவள் மூச்சு அவன் நெஞ்சில் பட்டது' என்று அவர் காதில் விழுகிற மாதிரி நான் எப்படிச் சொல்வேன்? ஒன்பது மணி நேரம் வண்டி தாமதம் என்று, அடிக்க வந்த கூட்டத்துக்கு நடுவே கூசாமல் அறிவித்தவன். இந்த ஒரு வரிக்குப் பயந்து பக்கத்தைப் புரட்டிவிட்டேன்.

வெட்கம் மட்டும் காரணம் இல்லை. நூலைப் பல்லால் கடிப்பதற்கு முன்னால் அவள், "அசையாதீங்க, குத்திடும்" என்கிறாளே. அது உன் அம்மா சொல்வது. காலை ஷிஃப்டுக்கு நான் கிளம்பும்போது வாசலில் நிறுத்தி வைத்துச் சொல்வாள். அப்போது உனக்கு எட்டு வயது இருக்குமா? பேசாத பிள்ளை, பேசாத பிள்ளை என்று சொல்லிக்கொண்டிருந்தோம். நீ கதவோரம் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாய், கள்ளி!

என் சீருடையில் அந்த இரண்டாவது பட்டனுக்கு மட்டும் என்ன சாபமோ, அறுந்துகொண்டே இருந்தது. சீருடை தைத்துத் தரும் தையற்காரரிடம் போய் ஒருமுறை பெரிய சண்டையே போட்டேன்.

என் கதையை என் வாயாலேயே எப்படியம்மா வாசிப்பது? அம்மாவுக்குக் கண் சரியாகட்டும், அவளே படித்துக்கொள்வாள். நீ எழுதுவதை நிறுத்தாதே.

அப்பா


மார்ச் 22

அன்புள்ள அப்பாவுக்கு,

சண்டை போடத்தான் உட்கார்ந்தேன். உங்கள் கடிதத்தை மறுபடி படித்ததும் கோபம் போன இடம் தெரியவில்லை.

ஆமாம், நின்றேன். புத்தகப் பையை மாட்டிக்கொண்டு கதவுக்குப் பின்னால் நிற்பேன். காலையில் நம் வீட்டில் எல்லாரும் கத்திக்கொண்டே இருப்போம். சாவியைக் காணோம், நேரமாச்சு, தண்ணீர் வரவில்லை. பட்டன் தைக்கும் அந்த ஒரு நிமிஷம் மட்டும் யாரும் கத்த மாட்டீர்கள். அதற்குப் பெயர்தான் காதல் என்று நான் அப்போதே முடிவு செய்துவிட்டேன். அதைத்தான் எழுதினேன். மழை மட்டும்தான் என் கற்பனை.

இன்னொன்றும் சொல்கிறேன். பள்ளி விட்டு உங்களிடம் வரும் நாட்களில் நடைமேடையில் உட்கார்ந்து உங்கள் அறிவிப்பைக் கேட்பேன். கடைசி பெஞ்சில் மூட்டையோடு தூங்கி வழிகிற ஆளுக்கும் புரிகிற மாதிரி நிறுத்தி நிறுத்திச் சொல்வீர்கள். இன்றைக்கும் ஒரு வரி எழுதினால், உங்கள் குரலில் மனசுக்குள் சொல்லிப் பார்ப்பேன். இடறினால் அடித்துவிடுவேன். அந்த நூற்றுப் பன்னிரண்டாம் பக்கமும் அப்படி எழுதியதுதான். அதை வாசிக்க உங்களைவிடப் பொருத்தமான ஆள் உலகத்தில் கிடையாது.

அம்மா அதை உங்கள் வாயால் கேட்க வேண்டும். கேட்டுவிட்டு அப்போதும் காதல் இல்லை என்று சொன்னால் ஒப்புக்கொள்கிறேன். அதுவரை இரண்டாவது நாவல் மூடித்தான் இருக்கும். மிரட்டல் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

நான் எழுதியது காதல் நாவல், அப்பா. அப்படிச் சொல்லிக்கொள்ள எனக்குப் பெருமையாக இருக்கிறது. உங்களுக்கு வெட்கமாக இருக்கிறதா?

உங்கள் மகள்


ஏப்ரல் 2

என் எழுத்தாளர் மகளுக்கு,

உன் கடைசி வரி இரண்டு நாள் என்னைச் சாப்பிட விடவில்லை. மூன்றாம் நாள் மதியம் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அம்மா எதிரில் உட்கார்ந்தேன். "மறுபடியுமா?" என்றாள். "விட்டுப் போன பக்கம்" என்றேன்.

ஜன்னலைச் சாத்தினேன். "வேர்க்குது, தொறங்க" என்றாள். திறந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. வருவது வரட்டும் என்று வேகமாக ஆரம்பித்தேன்.

"என்ன, ரயிலா வரப்போகுது? மெதுவா படிங்க" என்றாள் அம்மா.

மெதுவாக வாசித்தேன். அம்மா கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு துணி மடித்துக்கொண்டிருந்தாள். 'அசையாதீங்க, குத்திடும்' வந்ததும் அவள் கை அப்படியே நின்றுவிட்டது.

"இவளுக்கு எப்படித் தெரியும்?"

"கதவோரம் நின்னாளாம்."

அவ்வளவுதான், சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணுக்கு ஆகாது, சிரிக்காதே என்றாலும் கேட்கவில்லை. கடைசியில் மூச்சு வாங்கிக்கொண்டு, "இன்னொரு தடவ படிங்க" என்றாள். இரண்டாம் தடவை ஜன்னலைப் பற்றி நினைக்கவே இல்லை. குரல் பழையபடி கணீரென்று வந்தது. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "சார், இத்தனை நாளா இதையா எங்ககிட்ட மறைச்சீங்க?" என்று கேட்டது.

"இப்ப இருக்கு காதல்" என்பது உன் அம்மாவின் தீர்ப்பு. எழுதிக்கொள்.

மறுநாள் காலை முதல் வேலையாக நூலகத்துக்குப் போனேன். சமூக நாவல் அலமாரியிலிருந்து உன் புத்தகத்தை எடுத்து நூலகர் அம்மா முன்னால் வைத்தேன். "இது காதல் நாவல். என் பொண்ணு எழுதினது. சரியான இடத்துல வைங்க" என்றேன். இங்கே சத்தமாகப் பேசக் கூடாது என்றார். முப்பது வருஷப் பழக்கம், என்ன செய்வது? படித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று நிமிர்ந்து நின்றேன்.

வெட்கமா என்று கேட்டாயே, இல்லை. பேனாவைத் திற.

அம்மாவும் ஏதோ எழுத வேண்டுமாம். கண்ணை மூடிக்கொண்டே எழுதுவாளாம். நான் பார்க்கக் கூடாதாம், உறையையும் அவளே ஒட்டுவாளாம். என்ன ரகசியமோ!

பெருமையுடன்,
உன் அப்பா


கண்ணு,

பாக்காம எழுதுறேன், வரி கோணலா போனா சரி பண்ணிப் படி. கேட்டுக்கிட்டே இருக்கும்போது எனக்கு நெஞ்சு நிறைஞ்சு போச்சு. எல்லாம் அப்படியே எழுதியிருக்க. ஒண்ணு மட்டும் உனக்கும் தெரியல.

அந்தப் பட்டன் தானா அறுந்து விழல. உங்கப்பா ஷிஃப்டுக்குக் கிளம்பினா ஒரு இடத்துல நிக்க மாட்டாரு, என் முகத்த ஏறெடுத்துப் பாக்க மாட்டாரு. அதனால சட்டைய மடிச்சு வைக்கும்போது நானே அந்த நூல வெட்டி வச்சிடுவேன். காலைல ஒரு நிமிஷமாவது எங்கிட்ட நிப்பாருல்ல?

தையற்காரர்தான் பாவம், வீணா திட்டு வாங்கினாரு.

அப்பாகிட்ட இப்ப சொல்லாத. ரெண்டாவது புத்தகத்துல எழுது. என் கண்ணு சரியாயிருந்தாலும் பரவாயில்ல, அவரே எனக்குப் படிச்சுக் காட்டட்டும்.

அம்மா