தெருவின் நடுவே போகும் கோடு

பிப்ரவரி 3
எங்கள் தொகுதி நீக்கப்பட்டது. அரசிதழில் ஒரே வரி.
தேர்தல் அலுவலக ஆண்டு மலருக்கு அதன் வரலாற்றை எழுத வேண்டியது நான். மேலாளர் கொட்டாவிக்கு நடுவே சொன்னார்: "ரொம்ப இழுக்காதீங்க தம்பி. இருந்துச்சு, இப்ப இல்ல."

பிப்ரவரி 9
மில் குடியிருப்புகளுக்காக உண்டான தொகுதி. மில் போனது, குடியிருப்பு நின்றது. ஒன்பது தேர்தல். ஓர் அமைச்சர்கூடக் கிடையாது.
மூன்று முறை சுயேச்சையாக நின்று தோற்றவள் என் சித்தி. போன முறை நூற்றுச் சொச்சம் வாக்கில். இந்த முறை நிச்சயம் என்று தெருவே சொல்லிக்கொண்டிருந்தது.
தோற்றவர்களுக்கு மலரில் இடமில்லை.

பிப்ரவரி 10
புது எல்லை எங்கள் தெருவின் நடுவே. எங்கள் வரிசை வடக்குத் தொகுதி. எதிர் வரிசையும் அதன் பின்னாலுள்ள தெருக்களும் — சித்தியின் வாக்கு முழுக்க — தெற்கு. தெற்கு இப்போது பட்டியல் சாதியினருக்கான தனித் தொகுதி; சித்தி அங்கே நிற்க முடியாது.
வரைபடத்தைக் காட்டினேன்.
"அதனால என்ன? வடக்குல நிக்கறேன்," என்றாள்.

மார்ச் 2
எழுத வரவில்லை. களைப்பு. எதனால்?

மார்ச் 14
வாக்குக் கேட்கச் சித்தியுடன் போனேன், ஆபீசுக்குத் தெரியாமல். அவள் கால் தானாக எதிர் வரிசைக்குத் திரும்புகிறது. தையல்காரரிடம் அவளே சொன்னாள்: "தம்பி, நீ எனக்குப் போட முடியாது. தொகுதி மாறிடுச்சு."
அவர் சிரித்தார். "கோடெல்லாம் ஆபீஸ்காரன் பொழப்பு, அக்கா. இந்த வீட்டுல அஞ்சு ஓட்டு. உங்களுக்குத்தான்."
சித்திக்கு முகம் மலர்ந்துவிட்டது. என்ன செய்ய?

ஏப்ரல் 19
வாக்குப்பதிவு. மத்தியானம் தையல்காரர் எங்கள் வாசலில் நின்று கத்தினார். "சீட்டுல அக்கா பேரே இல்ல! எவ்வளவு வாங்கிட்டு ஒதுங்கினாங்க?"
"சொன்னாங்களேண்ணே."
"சொன்னாங்க. இப்படி ஆகும்னு சொல்லலையே!"
சித்தி உள்ளே படுத்திருந்தாள். எழுந்து வரவில்லை.

ஏப்ரல் 22
நான்காவது இடம். வடக்கில் அவளை யாருக்குத் தெரியும்?

மே 6
என் கட்டுரையை அரைப்பக்கமாக வெட்டிவிட்டார்கள்.
எதிர் வரிசையில் சாக்கடை பொங்கி வாசல்வரை நாறுகிறது. சித்தி ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.
"தெற்குல ஜெயிச்சவன் ஆபீஸ் எங்கடா இருக்கு?"
விசாரித்துச் சொன்னேன்.
"தையல்காரன்கிட்ட நீயே போய்ச் சொல்லிடு. நான் போனா மூஞ்சியத் திருப்பிக்கிறான்."
போய்ச் சொன்னேன். தலையாட்டினார். சித்தியைப் பற்றிக் கேட்கவில்லை.