வெள்ளிக்கிழமைக் கையெழுத்து

அன்புள்ள அண்ணா,

இதை யாரிடமும் காட்டாதே, படித்ததும் கிழித்துப் போடு. எழுதியது தெரிந்தால் அப்பா என் தோலை உரித்துவிடுவார்.

அப்பாவைப் பட்டாளத்திலிருந்து ஓய்வு கொடுத்து அனுப்பிவிட்டார்கள். கூடவே ஒரு கடிதம். அவர் இந்த நாட்டுக் குடிமகன் இல்லையாம். மாதக் கடைசிக்குள் பிறந்த நாட்டுக்கே போய்விட வேண்டுமாம். அதை அவருக்குப் படித்துக் காட்டியதே நான்தான்.

இருபத்திரண்டு வருஷம் இவர்களுக்காகச் சண்டை போட்டவர். சேர்ந்த புதிதில் குடியுரிமைக்கு விண்ணப்பம் கேட்டாராம். கேப்டன் சிரித்துக்கொண்டே, "நீ எங்க ஆளுய்யா, உனக்கெதுக்குப் பேப்பரு?" என்றாராம். அப்பாவும் பூரித்துப்போய் விட்டுவிட்டார். அந்தக் கேப்டன் இன்று ஜெனரல். நேற்று தேடிப் போன அப்பாவை வாசலிலேயே நிற்க வைத்து, "ரூல்ஸ்னா ரூல்ஸ்தான்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

"பையனுக்காவது விஷயத்தைச் சொல்லுங்க" என்று அம்மா அழுதாள். "வாயை மூடு. அவன் சேரட்டும். அவன் முகத்துக்காகவாவது நம்மள இங்க விட்டு வைப்பாங்க" என்றார் அப்பா.

வெள்ளிக்கிழமை நீ பட்டாளத்தில் சேரக் கையெழுத்துப் போடப் போகிறாய். நீயும் அப்பா பிறந்த நாட்டில் பிறந்தவன்தான், அண்ணா. குடியுரிமைப் பேப்பர் கைக்கு வராமல் பேனாவைத் தொடாதே. என்னைத் திட்டினாலும்...

கதவைத் தட்டுகிறார்கள். அப்பாவின் குரல்.

"அண்ணனுக்கா எழுதற? திறம்மா, நானும் ரெண்டு வரி எழுதணும்."