சமையல்கட்டில் பேசியது

கடலூர் முதுநகர்,
திங்கள்கிழமை.

அன்பு மகன் ஜெகனுக்கு, அம்மா வியாகுலமேரி எழுதுவது. மாதா உன்னைக் காக்கட்டும். அன்பு என்று எழுதியது பழக்க தோஷம். இப்போது உன்மேல் எனக்கு இருப்பது கோபம் மட்டும்தான். போனில் திட்டினால் சிரிக்கிறாய். அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

உன் அக்கா அனிதா புருஷனோடு சண்டை போட்டுக்கொண்டு சிதம்பரத்திலிருந்து வந்திருந்த சமயம், நீயும் பெங்களூரிலிருந்து லீவில் வந்தாய். மீன் கழுவிக்கொண்டே மாப்பிள்ளையை நான் வாய்க்கு வந்தபடி பேசினேன். "அந்தாளு அவுங்க அம்மா முந்தானைய வுட்டு என்னிக்கு வெளிய வருவாரு?" என்று கேட்டேன். எந்தத் தாய்க்குத்தான் வயிறு எரியாது? என் வீட்டில், என் மகளிடம் பேசியது. அதைத் திருட்டுத்தனமாகப் படம் எடுத்து, சிரிப்புச் சத்தம் சேர்த்து, ரீல்ஸ் போட யார் உனக்கு உரிமை கொடுத்தது?

"நாலு லட்சம் பேரு பாத்துட்டாங்கம்மா, நீ ஃபேமஸ்" என்றாய். ஆமாம், ரொம்பப் பெருமை. திருப்பாதிரிப்புலியூர் மார்க்கெட்டில் முன்பின் தெரியாத ஒரு பெண், "அந்த முந்தான டயலாக்க ஒருவாட்டி சொல்லுங்கக்கா" என்று முகத்துக்கு நேரே போனை நீட்டுகிறாள். கையில் இருந்த முருங்கைக்காயால் ஒன்று போட்டிருப்பேன். அதையும் யாராவது படம் எடுப்பார்களே என்று பேசாமல் வந்துவிட்டேன்.

பங்குச் சாமியார் இரண்டு வீட்டாரிடமும் பேசிச் சமாதானம் செய்துவைத்திருந்தார். நேற்றுப் பூசை முடிந்ததும் மாப்பிள்ளை தைரியராஜ் வந்து அவளை அழைத்துப் போவதாக ஏற்பாடு. அனிதா காலையிலேயே பெட்டியைக் கட்டிவிட்டாள். மதியம் போன்தான் வந்தது. "அத்த பேசுனத ஊரே பாத்து சிரிக்குது. என்கூட வேல செய்றவனுங்களே எனக்கு அனுப்புறானுங்க. அந்த வாசப்படிய நான் எப்பிடி ஏறுவேன்?" என்று கேட்டாராம். அனிதா உன்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது.

விஷயம் தெரிந்ததும் வீடியோவை அழித்துவிட்டேன் என்கிறாய். நீ அழித்தால் ஆச்சா? அதை வெட்டி ஒட்டி யார் யாரோ போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் வாயையெல்லாம் போய் அடைப்பாயா?

கிளம்பி வா. சிதம்பரத்துக்குப் போய் மாமா முன்னால் நின்று, தப்பு உன்னுடையது என்று உன் வாயால் சொல். தனியாகப் போக வெட்கமாக இருந்தால் நானும் வருகிறேன். தெருவில் நிறுத்தி வைத்து ஆசை தீர அவர் என்னைத் திட்டட்டும், நான் வாயைத் திறக்க மாட்டேன். அவளை மட்டும் அழைத்துக்கொள்ளட்டும்.

ஆண்டவர் உனக்கு நல்ல புத்தி கொடுத்துச் சீக்கிரம் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா