லண்டனிலிருந்து வராத அழைப்பு

தங்கச்சி,

கைபேசிக்குப் புதுக் கண்ணாடி போட்டு, இன்று காலை கொக்குவில் கடையில் வாங்கிவந்தேன். திறந்ததும் முகப்பில் நீதான் சிரிக்கிறாய், நீ படிப்பித்த நேர்சரிப் பிள்ளைகளுக்கு நடுவே, மஞ்சள் சேலையில். உன்னோடு கதைக்க வேண்டும் போல் இருந்தது.

கண்ணாடியை உடைத்தவள் உன் மகள்தான். நீ போனபிறகு அபி ஆளே மாறிவிட்டாள். சோற்றைத் துப்புவாள், பக்கத்து வீட்டுப் பிள்ளையின் கொப்பியைக் கிழிப்பாள், என் கையைக் கடிப்பாள். சரியான குழப்படி என்று அயலெல்லாம் பேச்சு. கண்ணூறு கழித்தோம், கோயிலில் நூல் கட்டினோம். அந்த நூலையும் கடித்தே அறுத்தாள். எனக்குப் பொறுமை எவ்வளவு என்பது உனக்குத் தெரியாததா?

ஒருநாள் நீ மானிப்பாய் நேர்சரியிலிருந்து கையில் ஒரு பிள்ளையின் பல் அடையாளத்தோடு வந்தாய். "கடி வாங்கிறதுக்கும் சம்பளம் தாறவையோ?" என்று பகிடி பண்ணினேன். நீ சிரிக்கவில்லை. "அவள் கடிக்கேல்லை அக்கா, என்னைக் கூப்பிடுறாள்" என்றாய். அந்தப் பிள்ளைக்குத் தம்பி பிறந்தபின் வீட்டில் எவரும் அவளைத் தூக்குவதில்லையாம். மறுநாளிலிருந்து அவளை மடியில் வைத்தபடியே மற்றப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தாய். கடியும் நின்றது. ஊர்ப்பிள்ளைகளையெல்லாம் விளங்கிக்கொண்ட நீ, உன் பிள்ளைக்கு இல்லாமல் போனாயே. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

உன் செத்தவீட்டன்று அபியைக் குருநகரிலுள்ள உன் சிநேகிதி வீட்டுக்கு அனுப்பிவிட்டோம். அம்மா மருந்தெடுக்க லண்டனுக்குப் போய்விட்டா என்று சொல்வதாக எல்லோருமாகத் தீர்மானித்தோம். இங்கே எந்த வீட்டில்தான் வெளிநாடு போனவர் இல்லை? பிள்ளை நம்பிவிடும் என்று நினைத்தோம். கட்டாருக்குத் திரும்பும்போது உன் மனுசனும், "வளரட்டும், பிறகு சொல்லுவம்" என்றார். அயலட்டைக்கும் சொல்லிவைத்தோம். மாலை போட்ட உன் படத்தை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன்.

போன கிழமை தகப்பன் வீடியோவில் கதைத்துக்கொண்டிருந்தார். அபி கைபேசியைப் பறித்துச் சீமெந்துத் தரையில் அடித்தாள். அறைவதற்குக் கையோங்கிவிட்டேன். உன் பேச்சு நினைவுக்கு வந்து கை நின்றது. பக்கத்தில் இருத்தி, "ஏன் குஞ்சு உடைச்சனீ?" என்று கேட்டேன்.

"அப்பா கோல் எடுக்கிறார். பக்கத்து வீட்டு மாமா பிரான்சிலை இருந்து எடுக்கிறார். அம்மா மட்டும் எடுக்கிறா இல்லை. நான் குழப்படி எண்டு அம்மா என்னோடை கோவம்."

அதற்குமேல் அந்தப் பொய்யைக் காப்பாற்ற என்னால் முடியவில்லை. அலுமாரியைத் திறந்து உன் படத்தைக் காட்டினேன். "அம்மா செத்துப்போனா குஞ்சு" என்றேன். குழறி அழப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் மாலையைத் தொட்டுப் பார்த்தாள்.

"அப்ப, அம்மாவுக்கு என்னிலை கோவம் இல்லையோ?"

"இல்லையம்மா. ஒருநாளும் இல்லை."

அவள் முகம் தெளிந்தது, தங்கச்சி. தாய் செத்துப்போனாள் என்பது அவளுக்கு ஆறுதலாக இருந்தது. இத்தனை மாதமும் தன் மேல் எவ்வளவு பெரிய குற்றத்தைச் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறாள்.

அன்றோடு அபியின் குழப்படி நின்றுவிட்டது. கடிப்பதில்லை, கிழிப்பதில்லை. கூப்பிட்டால் வருகிறாள். கூப்பிடாவிட்டால் சுவரைப் பார்த்தபடி இருக்கிறாள். எப்படிக் கூப்பிட்டாலும் நீ வரமாட்டாய் என்று விளங்கிவிட்டது போல. "நூல் வேலை செய்திட்டுது, பிள்ளை நல்லாத் திருந்தீட்டாள்" என்று பக்கத்து வீட்டு மாமி சந்தோசப்படுகிறா. உன்னைப்போல மடியில் தூக்கி வைத்துப் பார்த்தேன். இறங்கவும் இல்லை, என்மேல் சாயவும் இல்லை. நீயென்றால் அடுத்து என்ன செய்வாய் என்பதை உன்னிடம் கேட்டுவைக்காமல் விட்டேன். உன்னிடமிருந்து கற்றதில் பாதிதான் என்னிடம் இருக்கிறது. அந்தப் பாதியால் ஒரு பிள்ளையை மீட்க முடியாது.

இன்று மத்தியானம் அவளுக்கு அறவே பிடிக்காத பாவற்காய்க் கறியை வேண்டுமென்றே சமைத்தேன். ஒரு வாயாவது துப்பட்டும், என்னோடு சண்டை பிடிக்கட்டும் என்று எதிரே இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் முழுவதையும் சாப்பிட்டுவிட்டு, தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள்.