செல்வி அக்கா வடிகட்டிய தண்ணீர்

செவ்வாய், இரவு.

எங்கள் தெரு அடிபம்பில் எண்ணெய் வருகிறது. ஆய்வில் அது உறுதியானால்தான் பக்கத்துத் தொழிற்சாலையின் கழிவுக்குழாயைச் சட்டப்படி மூட முடியும். இன்று மாதிரி எடுக்க மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்து அதிகாரி வந்தார். எதிர்வீட்டு செல்வி அக்கா, தினமும் துணியில் வடிகட்டித் தெளியவைக்கும் தண்ணீரைக் குடத்தோடு நீட்டினாள். அவரும் அதையே மாதிரியாகப் பிடிக்கப் பாட்டிலைத் திறந்துவிட்டார். வடிகட்டியதில் எண்ணெய் தெரியாதே என்று நான் குறுக்கே போனேன்.

“வூட்டாண்ட வந்தவருக்கு கலீஜ் தண்ணியவா குடுக்க சொல்ற?”

“அவரு குடிக்க வர்லக்கா, கேஸு போட வந்துகீறாரு.”

அதிகாரி பம்பை அடித்து நேராகப் பிடித்தார். பாட்டிலில் தெருப்பெயர் எழுதும்போது அக்கா தாழ்ந்த குரலில் சொன்னாள்: “தெரு பேரு வேணாம் சார். பொண்ணுக்கு மாப்ள பாத்துகினு கீறோம்.”

இடம் குறிக்காத மாதிரி வழக்கில் நிற்காது. அதிகாரி எழுதிவிட்டார். எண்ணெயை மண்ணில் விட்டவனுக்கு வராத வெட்கம் அக்காவுக்கு வந்ததை நினைத்தால் தூக்கம் வரவில்லை.